சடுதிமாற்றக் கொத்துகள்: நொதியின் பங்கும் வாய்ப்பின் பங்கும்

மனித உயிரணு ஒன்றின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. ஒரு புற்றுக்கட்டியில் 5,000 சடுதிமாற்றங்கள் நேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை கண்டபடி சிதறி விழுந்திருந்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாக ஆறு லட்சம் எழுத்து இடைவெளி இருக்க வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள சேங்கர் நிறுவனத்தில் செரீனா நிக்-சைனல், மைக்கேல் ஸ்ட்ராட்டன் ஆகியோரின் குழு 21 மார்பகப் புற்றுக்கட்டிகளின் டிஎன்ஏவை முழுமையாக வாசித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டது. சில கட்டிகளில், சில இடங்களில், அந்த இடைவெளி சில நூறு எழுத்துகளாகச் சுருங்கிக் கிடந்தது.

இதைக் கண்ணுக்குக் காட்ட அவர்கள் ஒரு வரைபடம் போட்டார்கள். ஒவ்வொரு சடுதிமாற்றமும் ஒரு புள்ளி. முந்தைய மாற்றத்திலிருந்து அது எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்துப் புள்ளி மேலேயோ கீழேயோ நிற்கும். பெரும்பாலான புள்ளிகள் மேலே மேகம்போல் திரண்டிருக்க, சில இடங்களில் மட்டும் ஒரு கோடாகக் கீழே கொட்டின. மழை வரைபடம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அந்தக் கொத்துகளுக்கு, இடிமழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ‘கட்டேகிஸ்’ என்று பெயரிட்டார்கள். குறைந்தது ஆறு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்து, அவற்றின் சராசரி இடைவெளி ஆயிரம் எழுத்துக்குள் இருந்தால் கட்டேகிஸ் என்பது பிறகு நடைமுறையில் வந்த வரையறை. இத்துறையில் பெயர் வைப்பவர்களுக்கு வானிலையின் மேல் அப்படியொரு காதல். பின்னால் மூடுபனியும் சூறாவளியும் வந்து சேர்ந்தன.

கொத்துகளில் நான்கு அடையாளங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. மாறிய எழுத்து பெரும்பாலும் சைட்டோசின். அதற்கு முன்னால் நிற்கும் எழுத்து பெரும்பாலும் தைமின். ஒரு கொத்துக்குள் மாற்றங்கள் நீண்ட தூரத்துக்கு டிஎன்ஏவின் ஒரே இழையிலேயே நடந்திருந்தன. கொத்துக்குப் பக்கத்திலேயே குரோமோசோம் உடைந்து மறுபடி ஒட்டிய தழும்பும் இருந்தது. முதல் இரண்டு அடையாளங்களும் அபோபெக் என்ற நொதிக் குடும்பத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பின. அன்றிலிருந்து இந்த ஆய்வின் கவனமெல்லாம் நொதியைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் வழக்கின் விடை பின்னிரண்டு அடையாளங்களில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் நொதி. சைட்டோசினிலிருந்து ஓர் அமினோத் தொகுதியை நீக்கினால் அது யுராசிலாகிவிடும். நொதி எதுவும் இல்லாமலே, தண்ணீரின் வேலையாகவே, ஒவ்வொரு உயிரணுவிலும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் இது நடக்கிறது. யுராசிலுக்கு டிஎன்ஏவில் இடமில்லை. அதைக் கண்டுபிடித்து வெட்டியெடுக்கும் நொதியை 1974இல் தோமஸ் லிண்டால் அடையாளம் கண்டார். டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆய்வுகளுக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். வெட்டப்படுவதற்கு முன் டிஎன்ஏ படியெடுக்கப்பட்டால் யுராசில் தைமினாக வாசிக்கப்படும்; சைட்டோசின் இருந்த இடம் தைமின் ஆகும். வெட்டப்பட்டு, அந்த இடம் காலியாக இருக்கும்போது படியெடுப்பு வந்து சேர்ந்தால், ரெவ்1 என்ற புரதம் காலியிடத்துக்கு எதிரே சைட்டோசினைச் செருகிவிடும்; மூல இழையில் சைட்டோசின் இருந்த இடம் கடைசியில் குவானினாக மாறிப்போகும். லுட்மில் அலெக்சாண்ட்ரோவும் ஸ்ட்ராட்டனும் 7,042 கட்டிகளின் ஏறத்தாழ 50 லட்சம் மாற்றங்களை அலசி 2013இல் வெளியிட்ட பட்டியலில், 2, 13 என்று எண்ணிடப்பட்ட இரு கையொப்பங்களும் (சடுதிமாற்றங்களின் தனித்தன்மையான வடிவங்கள்) இந்த இரு வழிகளின் தடங்கள். வேலையைத் தொடங்கிவைத்த நொதி ஒன்றே, முடித்துவைத்தவர்கள்தான் வேறு.

சைட்டோசினை இப்படித் திருத்தும் நொதிகள் நம் உடலில் எதற்காக இருக்கின்றன? குடும்பத்தில் முதலில் அறியப்பட்ட அபோபெக்1, கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்துக்கான ஆர்என்ஏவில் ஓர் எழுத்தை மாற்றி, குடலில் அந்தப் புரதம் குட்டையாக உருவாகும்படி செய்கிறது. 1999இல் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு கண்டறிந்த ஏஐடி என்ற உறவினர், பி அணுக்களில் எதிர்ப்பொருள் மரபணுக்களை வேண்டுமென்றே சிதைத்துப் புதுப்புது வடிவங்களை உண்டாக்குகிறது. தடுப்பூசி போட்ட பிறகு நம் எதிர்ப்பொருள்கள் நாளடைவில் கூர்மையாவது இதனால்தான். உடலுக்குத் தேவையான கொத்துச் சடுதிமாற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். குறி தவறும்போது விளைவு வேறு. பி அணு லிம்போமாக்களில் மிக், பிம்1, பாக்ஸ்5 போன்ற புற்றோடு தொடர்புள்ள மரபணுக்களிலும் இதே வகைக் கொத்துகள் விழுந்திருப்பது 2001இலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவது கிளை அபோபெக்3. எலிக்கு இந்த மரபணு ஒன்றே ஒன்று. மனிதருக்கு 22ஆம் குரோமோசோமில் வரிசையாக ஏழு. குரங்கினங்களின் பரிணாமத்தில் இவை இப்படிப் பெருகியதற்குக் காரணம் வைரஸ்களோடும், மரபணுத்தொகுதிக்குள் தாவித் திரியும் கூறுகளோடும் நடந்த நெடுநாள் போர். மைக்கேல் மாலிமும் ஆன் ஷீஹியும் 2002இல் எச்ஐவிக்கு எதிரான காரணியாக அடையாளம் கண்ட அபோபெக்3ஜி, வைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதும்போது உருவாகும் ஒற்றை இழையில் ஏறி, சைட்டோசின்களை வரிசையாகக் கெடுத்து, அந்தப் பிரதியைப் பயனற்றதாக்கிவிடும். எச்ஐவி சும்மா இருக்கவில்லை: விஃப் என்ற புரதத்தைக் கொண்டு இந்த நொதியையே அழிக்கக் கற்றுக்கொண்டது. அதே 2002இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் நியூபெர்கரின் ஆய்வகத்திலிருந்து ரூபன் ஹாரிசும் ஸ்வெண்ட் பீட்டர்சன்-மார்ட்டும் எழுதிய கட்டுரை, இந்தக் குடும்பத்து நொதிகளை பாக்டீரியாவுக்குள் விட்டால் அதன் டிஎன்ஏவிலும் சடுதிமாற்றம் பெருகுகிறது என்று காட்டியது. நொதி நம் சொந்த டிஎன்ஏவின் பக்கம் திரும்பினால் புற்றுநோய் வருமே என்ற ஐயத்துக்கு அங்கேயே வித்து விழுந்துவிட்டது. பத்தாண்டுகள் கழித்து மழை வரைபடம் வெளிவந்தபோது, அது எதிர்பாராத இடத்திலிருந்து வந்த சாட்சியாக இருந்தது.

இங்கேதான் கேள்வி தொடங்குகிறது. நொதி உயிரணுவில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் மாற்றங்கள் எங்கும் பரவலாக விழ வேண்டும். ஏன் கொத்தாக விழுகின்றன?

அபோபெக்3 நொதிகள் இரட்டை இழை டிஎன்ஏவைத் தொடுவதில்லை. ஒற்றை இழையாக அம்பலப்பட்ட டிஎன்ஏதான் அவற்றுக்கு இரை. சுவரில் பூச்சு பெயர்ந்த இடத்தில் மட்டும் கரையான் ஏறுவது போல. ஒரு முறை ஏறிவிட்டால், இழையின் வழியே நழுவியும் தாவியும் சென்று, இறங்காமலே பல சைட்டோசின்களைத் தாக்கும். அபோபெக்3ஜியின் இந்தத் தொடர்ச் செயலை 2006இல் லிண்டா செலிக்கோவும் மைரன் குட்மேனும் சோதனைக்குழாயில் காட்டினார்கள். இது புரிந்ததும் பின்னிரண்டு அடையாளங்களும் தெளிவாகிவிடுகின்றன. குரோமோசோம் இரண்டாக உடையும்போது, பழுதுபார்க்கும் அணி இரு முனைகளிலும் ஓர் இழையைக் கடித்துத் தின்று, மறு இழையை நீளமாக வெளியே விடுகிறது. நொதி அதில் ஏறுகிறது. முறிவின் இரு பக்கமும் வெவ்வேறு இழைகள் அம்பலப்படுவதால், மரபணு வரிசையில் ஒரு பக்கம் சைட்டோசின் மாற்றங்களாகவும் மறுபக்கம் குவானின் மாற்றங்களாகவும் தெரிகின்றன. நடுவே, திடீரென்று மாறும் இடத்தில், முறிவு. கொத்து என்பது ஒரே உயிரணுவில், ஒரே நேரத்தில், ஒரே நிகழ்வில் நடந்த சேதத்தின் பதிவு. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தனித்தனி மாற்றங்களிடம் கிடைக்காத தகவல் இது.

வட கரோலினாவில் டிமித்ரி கோர்டெனினும் ஸ்டீவன் ராபர்ட்சும் மழை வரைபடம் வெளிவந்த அதே 2012இல் ஈஸ்ட்டில் செய்த சோதனையை நான் அதிக முக்கியமாகக் கருதுகிறேன். ஈஸ்ட்டில் அபோபெக் நொதிகளே கிடையாது. ஆனாலும் டிஎன்ஏவைக் கெடுக்கும் ஒரு வேதிப்பொருளைத் தொடர்ந்து கொடுத்தபோது, நீண்ட ஒற்றை இழைகள் வெளிப்பட்ட இடங்களில் சடுதிமாற்றங்கள் கொத்துக்கொத்தாகக் குவிந்தன. அடுத்த ஆண்டு நியூபெர்கரின் குழு மனித நொதிகளை ஈஸ்ட்டுக்குள் வைத்தபோது, முறிவுகளுக்கு அருகே கட்டேகிஸைப் போன்றே கொத்துகள் தோன்றின. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முடிவு ஒன்றுதான்: கொத்தை உண்டாக்குவது அம்பலப்பட்ட ஒற்றை இழை, அந்தக் கொத்து எந்த எழுத்தில், எந்தச் சூழலில் விழ வேண்டும் என்பதை நொதி தீர்மானிக்கிறது. “அபோபெக் கட்டேகிஸை உண்டாக்குகிறது” என்று தலைப்பிடும் செய்திகள் பாதியைத்தான் சொல்கின்றன.

ஒற்றை இழை வெளிப்படும் தருணங்களைத் தேடிப் போனவர்கள் ஒரு பெரிய பட்டியலுடன் திரும்பினார்கள். படியெடுப்பின்போது துண்டுதுண்டாக எழுதப்படும் பின்தங்கும் இழை அவற்றில் ஒன்று. முறிந்த முனையிலிருந்து குரோமோசோமின் கோடிவரை நீளும் அவசரப் படியெடுப்பு மற்றொன்று. எல்லாவற்றிலும் திகைப்பூட்டுவது, குரோமோசோம் முனைகளான டெலோமியர்கள் தேய்ந்த உயிரணுவில் நடப்பது. இரு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு, அணு பிரியும்போது நடுவில் பாலமாக இழுபடுகின்றன. ட்ரெக்ஸ்1 என்ற நொதி அந்தப் பாலத்தைக் கடித்து ஒற்றை இழையாக்குகிறது. அபோபெக் அதில் ஏறுகிறது. கடைசியில் பாலம் நொறுங்கி, துண்டுகள் முறைமாறி ஒட்டிக்கொள்கின்றன. ஜான் மாசியோவ்ஸ்கியும் சகாக்களும் 2015இலும் 2020இலும் இதை வளர்ப்பு அணுக்களில் படிப்படியாகக் காட்டினார்கள். குரோமோசோம் நொறுங்குதலும் கட்டேகிஸும் கட்டிகளில் ஏன் சேர்ந்தே தென்படுகின்றன என்ற புதிருக்கு இது நேரடி விடை.

கட்டேகிஸ் எவ்வளவு பரவலானது? 38 வகைகளைச் சேர்ந்த 2,658 புற்றுநோய்களின் முழு டிஎன்ஏவையும் வாசித்த பன்னாட்டுக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 60.5 சதவீதக் கட்டிகளில் குறைந்தது ஒரு கட்டேகிஸாவது உண்டு. கொத்துகளில் ஐந்தில் நான்கு அபோபெக் தடம் கொண்டவை. அதே ஆண்டு பார்சலோனாவில் டேவிட் மாஸ்-போன்டேயும் ஃபிரான் சுபெக்கும் இரண்டு முதல் நான்கு மாற்றங்கள் மட்டுமே கொண்ட சின்னக் கொத்துகளைப் பிரித்துக் காட்டி, மூடுபனி என்னும் பொருளில் ‘ஒமிக்லி’ என்று பெயரிட்டார்கள். இடிமழை அளவுக்குக் கவர்ச்சி இல்லாவிட்டாலும், எண்ணிக்கையில் இதுவே மிகுதி. இதன் காரணமும் வேடிக்கையானது. படியெடுப்புப் பிழைகளைத் திருத்தும் பொருத்தமின்மைப் பழுதுபார்ப்பு, தவறான எழுத்தைச் சுற்றிய துண்டை வெட்டியெடுக்கும்போது எதிர் இழை சற்று நேரம் ஒற்றையாக நிற்கிறது. அந்த இடைவெளியில் அபோபெக் புகுந்துவிடுகிறது. இந்தப் பழுதுபார்ப்பு மரபணுக்கள் நிறைந்த பகுதிகளில் அதிகக் கவனமாக வேலை செய்கிறது என்பதால், சேதமும் முக்கியமான பகுதிகளிலேயே கூடுதலாகச் சேர்கிறது. டிஎன்ஏவைக் காப்பதற்கான ஏற்பாடே அதைக் கெடுப்பதற்கும் வழி திறக்கிறது.

2022இல் எரிக் பெர்க்ஸ்ட்ராமும் அலெக்சாண்ட்ரோவும் இன்னொரு இடத்தைச் சேர்த்தார்கள். சில கட்டிகளில் புற்றைத் தூண்டும் மரபணுக்கள் குரோமோசோமை விட்டுப் பிரிந்து வட்டத் துண்டுகளாகப் பெருகுகின்றன. அத்தகைய வட்டங்கள் உள்ள கட்டிகளில் 31 சதவீதத்தில், வட்டங்களின் மேல் அபோபெக் கொத்துகள் மீண்டும் மீண்டும் விழுந்திருந்தன. சூறாவளியைக் குறிக்கும் ‘கிக்லோனாஸ்’ என்பது இதற்குச் சூட்டப்பட்ட பெயர். இந்த வட்டங்களை வைரஸ் என்று நினைத்து நொதி தாக்குகிறது என்ற விளக்கம் கேட்பதற்கு அழகாக இருக்கிறது. நிரூபணம் என்று சொல்ல இன்னும் தூரம் இருக்கிறது.

ஏழு நொதிகளில் குற்றவாளி யார் என்பதில் பத்தாண்டு வாக்குவாதம் நடந்தது. 2013இல் ஹாரிசின் குழு அபோபெக்3பி என்றது: மார்பகக் கட்டிகளில் அதன் அளவு கூடியிருந்தது, அது உட்கருவுக்குள் வாழ்வது, அணு வளர்ப்பில் சேதத்தையும் உண்டாக்கியது. ஆனால் இயற்கை ஏற்கெனவே ஒரு சோதனை செய்துவைத்திருந்தது. 3பி மரபணுவை அடியோடு நீக்கும் ஒரு வெட்டு மனித இனத்தில் பரவலாக உள்ளது. ஆப்பிரிக்காவில் அரிது, கிழக்கு ஆசியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஓசியானியாவில் ஏறத்தாழ எல்லோரிடமும். 3பிதான் குற்றவாளி என்றால் இவர்களின் கட்டிகளில் இந்தத் தடம் குறைய வேண்டும். 2014இல் நிக்-சைனலின் குழு பார்த்தபோது, கூடியிருந்தது. அந்த வெட்டு 3ஏ மரபணுவின் முனையை மாற்றிவிடுவதால் 3ஏ நொதி அதிகமாகத் தங்குகிறது என்பது ஒரு விளக்கம். அடுத்த ஆண்டு கின் சான், கோர்டெனின் ஆகியோர் எழுத்துச் சூழலை இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, கட்டிகளில் 3ஏவின் தடம் 3பியைவிட மிகுதி என்றார்கள். 2022இல் மியா பெட்லியாக்கும் சகாக்களும் புற்று அணுக்களிலிருந்து ஒவ்வொரு மரபணுவாக நீக்கிப் பார்த்தார்கள்: 3ஏவை நீக்கியபோது மாற்றங்கள் பெரிதும் குறைந்துவிட்டன, 3பியை மட்டும் நீக்கியபோது அப்படி நடக்கவில்லை. 3பிக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. முதன்மைக் குற்றவாளி 3ஏ என்ற அளவுக்கு வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

நேரமும் முக்கியம். பெட்லியாக்கின் 2019 ஆய்வு, அபோபெக் மாற்றங்கள் சீராக வருவதில்லை, வெடிப்பு வெடிப்பாக வருகின்றன, நடுவே நீண்ட அமைதி என்று காட்டியது. நுரையீரல் புற்றில் இந்தத் தடம் பெரும்பாலும் பிற்காலக் கிளைகளில் தெரிகிறது. கட்டியைத் தொடங்கிவைப்பது புகையிலை, அதைப் பலவகையாக்குவது அபோபெக். இலக்குநோக்கு மருந்து கொடுக்கும்போது 3ஏ தூண்டப்பட்டு, மருந்தைத் தாங்கும் அணுக்கள் உருவாக உதவுகிறது என்பது 2023இல் வெளிவந்த முடிவு. மருத்துவருக்குக் கவலை தர வேண்டிய செய்தி இது. நோயாளிகள் அல்லாதவர்களும் விலக்கல்ல: நலமான சிறுகுடல் திசுவிலேயே அபோபெக் தடங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

இவையெல்லாம் உடல் அணுக்களில் நடப்பவை, அந்த உடலோடு முடிந்துபோகும். கருவணுவில் நடந்தால்? இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் எரெஸ் லெவனோன் குழு 2016இல் மனிதர், நியாண்டர்தால், டெனிசோவன், மனிதக் குரங்குகள் ஆகியவற்றின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, அபோபெக்3ஜியின் தடத்தோடு பொருந்தும் ஆயிரக்கணக்கான கொத்துகளைக் கண்டதாக அறிவித்தது. சரியென்றால் பொருள் பெரியது. ஒரே தலைமுறையில் ஒரே இடத்தில் பல எழுத்துகள் மாறினால், தனித்தனியாக வந்தால் தீமையாகும் மாற்றங்களும் சேர்ந்து வந்து பயன் தரலாம். பரிணாமம் தாண்ட முடியாத பள்ளத்தை ஒரே எட்டில் தாண்டலாம்.

இந்தக் கூற்றை நான் பாதிதான் ஏற்கிறேன். கருவணுவில் கொத்துகள் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நொதி இல்லாமலே அவை வருவதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. கெல்லி ஹாரிசும் ராஸ்மஸ் நீல்சனும் 2014இல், பிழை மிகுந்த ஒரு படியெடுப்பு நொதி பக்கத்துப்பக்கத்து எழுத்துகளைச் சேர்த்தே மாற்றுவதன் தடத்தை மனித இனத்தில் காட்டினார்கள். ஐஸ்லாந்தில் 1,548 பெற்றோர்-பிள்ளைக் குடும்பங்களை வாசித்த 2017 ஆய்வு, தாயின் வயதோடு கூடும் சைட்டோசின்-குவானின் மாற்றங்கள் குறிப்பிட்ட சில குரோமோசோம் பகுதிகளில் திரள்வதைக் கண்டது. பல பத்தாண்டுகள் காத்திருக்கும் முட்டையணுவில் நேரும் முறிவுகளே காரணம் என்று கருதப்படுகிறது. புற்றுக்கட்டிகளில் உள்ள ஆழமான தடம் கருவணுவில் இல்லை. எழுத்துச் சூழல் பொருந்துகிறது என்பது மட்டும், லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுக்குப் போதிய சாட்சியாகாது.

வைரஸ்களில் நிலைமை வேறு. அங்கே சாட்சி தெளிவு. 2022இல் பரவிய எம்பாக்ஸ் வைரஸில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான மாற்றங்கள் இருந்தன. பெரும்பாலானவை தைமினுக்குப் பின் நின்ற சைட்டோசின் தைமினாக மாறியவை. மனித உடலின் அபோபெக்3 தாக்கிய தடம் அது. மாற்றங்களின் எண்ணிக்கையை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள், அந்த வைரஸ் குறைந்தது 2016 முதல் மனிதருக்குள் தொடர்ந்து பரவிவருகிறது என்று கூறினார்கள். வைரஸை அழிக்க முடியாமல் போன நொதி, அதன் பயண நாட்குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டது.

இதே நொதியைக் கருவியாக்கவும் முடிந்தது. டேவிட் லியூவின் ஆய்வகம் 2016இல் எலியின் அபோபெக்1ஐ, வெட்டாதபடி மாற்றப்பட்ட காஸ்9 புரதத்தோடு இணைத்தது. காஸ்9 குறித்த இடத்தில் இழைகளைப் பிரித்து ஒற்றை இழையைத் திறந்து காட்டும். நொதி அங்கேயுள்ள சைட்டோசினை மாற்றும். 2022இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் ரத்தப் புற்றுக்கு ஆளான 13 வயதுச் சிறுமிக்கு இந்த வகைத் திருத்தத்தால் செய்த டி அணுக்கள் செலுத்தப்பட்டன. கட்டேகிஸில் நடப்பதுதான் இங்கும். ஒற்றை இழை எங்கே திறக்க வேண்டும் என்பதை மட்டும் மனிதர் தேர்ந்தெடுக்கிறார்.

அபோபெக்கை அடக்கும் மருந்து வேண்டும் என்ற குரல் வலுத்துவருகிறது. 3பி இல்லாமலே ஓசியானியாவில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள் என்பதால் அதை அடக்குவது ஆபத்தில்லை என்று வாதிடலாம். ஆனால் அடக்க வேண்டிய முதன்மை நொதி 3ஏ. அதையும் கட்டி கண்டறியப்பட்ட நாளிலிருந்து நிரந்தரமாக அல்ல, மருந்தினால் அது தூண்டப்படும் காலத்தில் அடக்குவதே பொருத்தம் என்று இதுவரை வந்த சான்றுகள் காட்டுகின்றன. முறிவுகள் தொடர்ந்து ஏற்படும் கட்டியில் நொதியை மட்டும் தடுத்தால், ஈஸ்ட் சோதனை காட்டியதுபோல், அம்பலப்பட்ட அதே இழையில் வேறு காரணங்களால் கொத்துகள் விழும். ஆகவே நொதித் தடுப்பு மருந்துகளைச் சோதிப்பவர்கள், அபோபெக் தடம் குறைந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கொத்துகளின் மொத்த எண்ணிக்கை குறைந்ததா என்பதையும் அளக்க வேண்டும்.